புக்கிட் தீமா இருப்புப்பாதைப் பாலங்கள்: எஞ்சியதும் எடுக்கப்பட்டதும்

சாலையும் இருப்புப்பாதையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் மூன்று வழிகளே உண்டு. இரண்டும் தரைமட்டத்தில் சந்தித்து, ஒன்று மற்றொன்றுக்காகக் காத்து நிற்கலாம். சாலை மேலேறிக் கடக்கலாம். அல்லது இருப்புப்பாதை மேலேறிக் கடக்கலாம். இவற்றுள் எதனைத் தெரிவு செய்வது என்பது பொறியாளர் தீர்க்க வேண்டிய சிக்கலாகவே மேலோட்டமாகத் தோன்றும். ஆயினும் யாருக்காக யார் காத்திருக்க வேண்டும் என்னும் கேள்வியே அதன் அடியில் கிடக்கிறது. சிங்கப்பூர் இருப்புப்பாதையின் வரலாற்றை இக்கேள்வியை முன்வைத்து அணுகினால், இதுகாறும் பயண நினைவுகளாகவும் நிழற்படங்களாகவுமே பேசப்பட்டு வந்த புக்கிட் தீமா பாலங்கள் வேறொரு பொருளில் நமக்குப் புலப்படுகின்றன. அவ்வகையில் இப்பாலங்கள் ஏன் கட்டப்பட்டன, எவ்வாறு எண்பது ஆண்டுகள் நிலைத்தன, அவற்றுள் எது நிற்கிறது, எது அகற்றப்பட்டது என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குகிறோம்.

பழைய பாதை

சிங்கப்பூரின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1903 ஜனவரி முதல் நாளன்று புக்கிட் தீமா வரையிலும், அதே ஆண்டு ஏப்ரலில் தீவின் வடகரையான உட்லண்ட்ஸ் வரையிலும் திறக்கப்பட்டது. அதன் நகர்ப்புறத் தலைமை நிலையம் டேங்க் ரோட்டில், செட்டியார்கள் 1859-இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலுக்கு அருகில் அமைந்திருந்தது. அங்கிருந்து நியூட்டன், குளூனி வழியாக வண்டி வடமேற்கே சென்றது. ஆர்ச்சர்ட் சாலையை அது ஒரு பாலத்தின்மேல் கடந்தது. அக்காலப் படங்களில் மாட்டுவண்டிகளும் ரிக்‌ஷாக்களும் அப்பாலத்தின்கீழ்ச் செல்வதைக் காணலாம். ஏனைய பல இடங்களில் வண்டி தரைமட்டத்திலேயே சாலைகளைக் குறுக்காகக் கடந்தது. அங்கெல்லாம் கதவு போட்டுச் சாலையை நிறுத்தினர்.

1903-இல் இஃது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடின. சாலையில் வந்தவர்களோ மாட்டுவண்டிக்காரரும் ரிக்‌ஷா இழுப்பவரும் நடந்து செல்வோருமே; அவர்களுடைய நேரத்துக்கு விலையிட்டவர் எவருமிலர். இரண்டு மாற்றங்கள் இந்நிலையைக் குலைத்தன. முதலாவது, மோட்டார் வண்டியின் பெருக்கம். இரண்டாவது, ஜொகூர்க் கடற்பாலம். 1909-இல் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவுற்றதும் தீபகற்பத்தின் பாதை ஜொகூர் பாரு வரை வந்து, நீரிணைக்கு முன் நின்றுவிட்டது. 1923-இல் கடற்பாலத்தின்மேல் முதலில் சரக்கு வண்டிகளும், அக்டோபர் முதல் பயணியர் வண்டிகளும் ஓடத் தொடங்கின. அதுவரை ஒரு தீவுக்குள் மட்டும் ஓடிய சிறு பாதை, தீபகற்பம் முழுவதன் கடைசி அங்கமாயிற்று. ஈயமும் ரப்பரும் ஏற்றிய நெடிய வண்டிகள் நகரத்தின் நடுவே சாலைகளை மறித்தன. அவை சென்று சேர வேண்டிய துறைமுகமோ டேங்க் ரோட்டிலிருந்து தொலைவில் இருந்தது.

இவ்விடத்து ஒரு செய்தியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சிங்கப்பூர் இருப்புப்பாதை அதன் நிலத்தோடு கூட்டு மலாய் மாநிலங்களின் அரசுக்கு மாற்றப்பட்டிருந்தது. அதாவது, பாதைக்கு உரியவர் ஓர் அரசு. சாலைக்கு உரியவர் மற்றோர் அரசு. இரண்டும் பிரித்தானியக் கொடியின்கீழ் இருந்தமையால் அன்று இவ்வேறுபாடு உறுத்தவில்லை. பின்னாளில் பாலங்களின் விதியை அதுவே தீர்மானித்தது.

மாற்றுப்பாதை

பழைய பாலத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவது, கதவுகளுக்குப் பதிலாகப் பாலங்கள் அமைப்பது என்பன போன்ற ஒட்டு வேலைகளை ரயில்வே மேற்கொள்ளவில்லை. பாதையையே மாற்றியது. புக்கிட் தீமாவிலிருந்து தெற்கே திரும்பித் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் முடியும் மாற்றுப்பாதை 1932 மே மாதம் திறக்கப்பட்டது. டேங்க் ரோடு நிலையமும் ஆர்ச்சர்ட் சாலைப் பாலமும் அத்துடன் பயனற்றுப் போயின. தஞ்சோங் பகார் நிலையத்தின் முகப்பில் நிற்கும் நான்கு சிலைகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் அதனைக் கடந்து பாதைக்கே வருவோம்.

மாற்றுப்பாதையின் தலையாய கொள்கை, முதன்மைச் சாலைகளைத் தரைமட்டத்தில் தொடுவதில்லை என்பதாகும். சில இடங்களில் பாதை வெட்டுப்பள்ளத்தில் இறங்கிச் சாலைக்குக் கீழே சென்றது. சில இடங்களில் கரைமேட்டில் ஏறிச் சாலைக்கு மேலே சென்றது. அவ்வாறு மேலே சென்ற இடங்களுள் பெரியவை இரண்டு. ஒன்று, புக்கிட் தீமா நிலையத்துக்கு அருகே புக்கிட் தீமா சாலையின் குறுக்கே அமைந்தது. மற்றொன்று, அதற்கு வடக்கே அப்பர் புக்கிட் தீமா சாலையின் மேல் அமைந்தது. இரண்டும் எஃகுச் சட்டகப் பாலங்கள். இவற்றுக்கும் வடக்கே, ஹில்வியூ சாலையின் மேல் கர்டர் வகைப் பாலம் ஒன்றும் இருந்தது.

சட்டகப் பாலம் ஏன் தெரிவு செய்யப்பட்டது என்பதை விளக்க வேண்டும். ஏனெனில் அழகுக்காக அமைத்தனர் என்ற எண்ணம் இன்று பரவியுள்ளது. கர்டர் பாலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் அல்லது பக்கத்தில் திண்மையான எஃகுத் தூலம் சுமையைத் தாங்கும். சாலை அகலமாக அகலமாகத் தூலத்தின் உயரமும் கூட வேண்டும். தூலம் அடியில் இருப்பின், அது தடித்த அளவுக்குச் சாலையின்மேல் உள்ள இடைவெளி குறையும். இடைவெளியைக் காக்கப் பாதையை உயர்த்தலாம் என்றால், நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது. பாதையை ஒரு மீட்டர் உயர்த்துவதற்கு இருபுறமும் நூறு மீட்டருக்கும் மேல் கரைமேட்டை நீட்ட வேண்டும்; அதற்குரிய மண்ணும் நிலமும் பெருஞ்செலவு. சாலையைத் தோண்டித் தாழ்த்தலாம் என்றாலோ, புக்கிட் தீமாப் பள்ளத்தாக்கு வெள்ளத்துக்குப் பேர்பெற்றது. தாழ்த்திய சாலை மழைநாளில் குளமாகும். சட்டகப் பாலம் இந்த இக்கட்டைத் தீர்க்கிறது. முக்கோணங்களாக இணைக்கப்பட்ட எஃகுப் பட்டைகள் பாதையின் இரு பக்கங்களிலும் மேல்நோக்கி எழுகின்றன. மேற்பட்டை அழுத்தத்தையும் கீழ்ப்பட்டை இழுவிசையையும் ஏற்கின்றன. வண்டி அவற்றுக்கு நடுவே, கீழ்மட்டத்தை ஒட்டிச் செல்கிறது. பாலத்தின் வலிமை முழுவதும் தண்டவாளத்துக்கு மேலே இருத்தலால், கீழே சாலைக்கு இடம் மிச்சமாகிறது. ஆகவே இப்பாலங்களின் கண்கவர் தோற்றம் சாலைக்கு இருப்புப்பாதை செய்த விட்டுக்கொடுப்பின் வடிவமே எனலாம்.

இவ்விட்டுக்கொடுப்பு எல்லாச் சாலைகளுக்கும் கிடைத்ததில்லை. தீவின் வடபகுதியில் கிராஞ்சி, மண்டாய், சுவா சூ காங் முதலிய இடங்களில் தரைமட்டக் கடவுகள் தொடர்ந்தன. அவற்றுள் சில 2011 வரை இயங்கின. தெற்கே பாலமும் வடக்கே கதவும் என்ற இப்பிரிவினை, 1932-இல் எவருடைய காத்திருப்புக்கு மதிப்பு இருந்தது என்பதற்கு ஒரு வரைபடம் போன்றது. போக்குவரத்து எண்ணிக்கையே இதற்குக் காரணம் என்று வாதிடலாம். அவ்வாதத்தை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால் மோட்டார் வண்டி வைத்திருந்தோர் எப்பகுதியில் வாழ்ந்தனர் என்பதும் அவ்வெண்ணிக்கைக்குள் அடங்கியதே.

போர்க்காலம்

அப்பர் புக்கிட் தீமா சாலைப் பாலத்திலிருந்து சிறிது தொலைவிலேயே பழைய ஃபோர்டு தொழிற்சாலை உள்ளது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரித்தானியப் படை அங்குதான் ஜப்பானியரிடம் சரணடைந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் சயாம்–பர்மா இருப்புப்பாதையை அமைப்பதற்காகப் போர்க்கைதிகள் சிங்கப்பூரிலிருந்து சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுத் தாய்லாந்தின் பான் போங்குக்கு அனுப்பப்பட்டனர். தீவிலிருந்து வடக்கே செல்ல ஒரே பாதைதான் இருந்தது. ஆதலின் அவ்வண்டிகள் இவ்விரு பாலங்களையும் கடந்தே சென்றிருக்கும். தாம் தோற்ற சாலையின் தலைக்கு மேலாக அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அதே பாதையில் தீபகற்பத்தின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் பின்னர்ச் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் திரும்பாதோர் எத்துணையர் என்பது இன்றும் வாதத்துக்குரியது. புக்கிட் தீமாவின் போர்க்கால வரலாற்றை எழுதுவோர் சரணடைந்த அறையோடு நின்றுவிடுகின்றனர். அறைக்கு வெளியே நின்ற பாலமும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே என்பது நம் கருத்து.

பாதையைக் காத்தவர்கள்

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதனை அமைக்க இலங்கையிலிருந்து முன்னோடித் தொழிலாளர் படையினர் கொண்டுவரப்பட்டனர். அன்று தொடங்கி, நிலைய அலுவலகங்களில் யாழ்ப்பாணத் தமிழரும், பாதைப் பராமரிப்பில் தென்னிந்தியத் தமிழரும் பெருந்தொகையினராக இருந்தனர் என்பது இத்துறை ஆய்வாளர் நன்கறிந்தது. பிரிக்ஃபீல்ட்ஸும் செந்தூலும் அவ்வரலாற்றின் பதிவுகளாகக் கோலாலம்பூரில் நிற்கின்றன. சிங்கப்பூரில் அத்தகைய பெரிய குடியிருப்பு இல்லாமையால் அவ்வரலாறு சிதறிக் கிடக்கிறது.

எஃகுப் பாலம் ஒருமுறை கட்டி முடித்துவிடும் பொருள் அன்று. ஈரப்பதம் மிக்க நம் தட்பவெப்பத்தில் துரு இடைவிடாது அரிக்கும். வண்ணம் பூச வேண்டும். ரிவெட் ஆணிகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். பாலத்தின்மேல் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளை மாற்ற வேண்டும். கீழே சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, மேலே இரண்டு வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்குள் இவ்வேலைகள் முடிய வேண்டும். எண்பது ஆண்டுகளில் ஒரு பாலத்தின் எத்தனையோ உறுப்புகள் மாற்றப்படுகின்றன. பழைய பாலம் என்று நாம் சுட்டுவது, ஓயாத சிறு சிறு மாற்றீடுகளால் பழமை குன்றாது காக்கப்பட்ட ஒன்றையே. இதனைச் செய்தோர் பெயர்களைப் பாலத்தில் எங்கும் காண இயலாது. நாம் இங்கிலாந்தில் ஆய்வு மாணவராக இருந்த நாளில், சாலைமேல் செல்லும் ஒவ்வொரு ரயில் பாலத்திலும் எண்ணும் தொலைபேசி எண்ணும் பொறித்த தகடு மாட்டியிருக்கக் கண்டதுண்டு; உயரமான லாரி மோதினால் உடனே தெரிவிப்பதற்காம். மோதிய லாரிக்கும் பதிவு உண்டு, பாலத்தைத் துடைத்தவனுக்கு இல்லை என்னும் நிலை அங்கும் அவ்வாறே.

எனினும் அவர்கள் ஒன்றை விட்டுச் சென்றனர். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் பகுதியில் உள்ள முனீஸ்வரன் கோயில், மாற்றுப்பாதை திறக்கப்பட்ட அதே 1932-இல் ரயில்வேத் தொழிலாளர்கள் பாதையோரத்தில் அமைத்த சிறு வழிபாட்டிடமாகத் தோன்றியது. முனீஸ்வரன் காவல் தெய்வம். ஊரின் எல்லையிலும் வழியின் ஓரத்திலும் நிற்பவர். ஊரில்லாத தொழிலாளர்க்குத் தண்டவாளமே எல்லையாயிற்று போலும். அக்கோயில் பின்னாளில் வளர்ந்து, 1990-களில் காமன்வெல்த் டிரைவில் பெருங்கட்டடமாக எழுந்தது. பாதையின் கட்டுமானத்தைப் பற்றி எழுதும் நூல்கள் இக்கோயிலைக் குறிப்பதில்லை. கோயில்களைப் பற்றி எழுதும் நூல்கள் பாதையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இரண்டையும் ஒருசேரப் படிப்பதே நம்மனோர் பணி.

நிலமும் பிணக்கும்

1965-இல் சிங்கப்பூர் தனிநாடானதும், 1918-ஆம் ஆண்டு ஏற்பாட்டின் உட்பொருள் வெளிப்பட்டது. தீவின் நடுவே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிலப்பட்டை மலேசிய ரயில்வேயின் கையில் இருந்தது. அதன் இருபுறமும் சிங்கப்பூர் தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொண்டது. கம்பங்கள் அடுக்குமாடிகளாயின, சாலைகள் அகன்றன, புக்கிட் தீமாக் கால்வாய் ஆழமாக்கப்பட்டது. பாலங்களை மட்டும் எவரும் தொடவில்லை. தொட வேண்டுமாயின் அண்டை நாட்டின் இசைவு வேண்டும். 1990 நவம்பரில் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டைம் சைனுடினும் கையொப்பமிட்ட உடன்பாடு நிலத்தை விடுவிக்கும் வழியைக் கூறிற்று. ஆனால் அதற்குப் பொருள் கொள்வதில் இரு தரப்பும் முரண்பட்டன. 2010 மே மாதம் பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜீப் ரசாக்கும் அதனைத் தீர்த்தனர். 2011 ஜூன் 30 இரவு, ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் எஞ்சின் அறையில் நின்று ஓட்ட, கடைசி வண்டி தஞ்சோங் பகாரை விட்டகன்றது. மறுநாள் நிலம் சிங்கப்பூரினுடையதாயிற்று.

இருபது ஆண்டுக்காலப் பிணக்கைப் பற்றி இரு நாட்டு அரசறிவியலாரும் நிரம்ப எழுதியுள்ளனர். அவர்கள் கண்டுகொள்ளாத ஒரு விளைவைச் சுட்டவே நாம் விழைகிறோம். அப்பாலங்களைக் காத்தது மரபுரிமைச் சட்டமும் அன்று, பொதுமக்கள் பற்றும் அன்று. இரு அரசுகளின் இணக்கமின்மையே காத்தது. 1970-களில் அந்நிலம் சிங்கப்பூரிடம் இருந்திருப்பின், மற்ற எத்தனையோ பழைய கட்டுமானங்களைப் போல இவையும் சாலை விரிவுக்காக இடிபட்டிருக்கும் என்று கருத இடமுண்டு.

இக்கருத்துக்கு ஹில்வியூ பாலமே சான்று. நிலம் கைமாறிய 2011-ஆம் ஆண்டிலேயே, சாலையை அகலப்படுத்தும் பொருட்டு அது அகற்றப்பட்டது. அதே காலத்தில் தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. புக்கிட் தீமா நிலையம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று. இரு சட்டகப் பாலங்களும் நிற்க விடப்பட்டன. தண்டவாளங்கள் ஆண்டு முடிவுக்குள் பெயர்த்தெடுக்கப்பட்டு மலேசியாவுக்குத் திரும்பின. பாலங்களின் மேலும் நிலையத்தின் அருகிலும் மட்டும் சிறு துண்டுகள் விட்டுவைக்கப்பட்டன.

மூன்று பாலங்களும் செய்த பணி ஒன்றே. ஒரே வண்டிகள் மூன்றின்மேலும் ஓடின. ஒரே பராமரிப்புக் குழுக்கள் மூன்றுக்கும் வண்ணம் பூசின. ஆயினும் ஹில்வியூ பாலத்துக்காகப் பேசியோர் சிலரே. கர்டர் பாலம் நிழற்படத்துக்கு ஏற்றதாக இல்லை. அது தட்டையானது, தன் வலிமையை வெளியே காட்டாதது. சட்டகப் பாலமோ தன் எலும்புகளைக் காட்டி நிற்பது. அதன்கீழ் நின்று திருமணப் படம் எடுத்துக்கொள்வோரும் உளர். எதனை மரபாகப் பேணுவது என்று முடிவு செய்கையில் கண்ணுக்கு இனியது எளிதில் வென்றுவிடுகிறது. சாலைக்கு இடம் விட வேண்டிய நெருக்கடியால் விளைந்த வடிவம், சாலைக்கு இடம் வேண்டும் என்ற வாதத்திலிருந்தே தன்னைக் காத்துக்கொண்டது வியப்புக்குரியதுதான். ஹில்வியூ சாலை மக்களுக்கு அகன்ற சாலை தேவைப்பட்டது உண்மை. அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் இடிக்கும் முன் அப்பாலத்தின் வரலாறு எழுதப்பட்டிருக்கலாம். அதற்குச் செலவு மிகாது.

மலேசியாவில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. வடக்கே ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை இரட்டைப் பாதை அமைத்தபோது பழைய கடவுகளும் பாலங்களும் பெரும்பாலும் மறைந்தன. அப்பணி 2014-இல் முடிந்தது. பேராக் ஆற்றின்மேல் 1900-இல் திறக்கப்பட்ட விக்டோரியா பாலம் மட்டும், புதிய பாலம் அருகே எழுந்தபின்னும் நடப்போருக்காக நிற்கிறது. ஆற்றின்மேல் பழையதை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியது கட்டலாம். சாலைமேல் அவ்வசதி அரிது. பழையதன் தூண்கள் நிற்கும் இடமே சாலைக்கு வேண்டிய இடமாக இருக்கும்.

சிங்கப்பூரின் இரு பாலங்களும் பின்னர் வலுப்படுத்தப்பட்டு, நடப்போர் விழாதவாறு தளமும் கைப்பிடியும் பொருத்தப்பட்டு, 2021 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டன. புக்கிட் தீமா நிலையம் 2022 ஜூலையில் திறக்கப்பட்டது. வார இறுதிகளில் அங்கு மக்கள் கூட்டம் மிகுதி. விளக்கப் பலகைகள் பாதையின் ஆண்டுகளையும் பாலங்களின் வகையையும் எடுத்துரைக்கின்றன.

ஸ்பூனர் சாலையில் இருந்த ரயில்வே அடுக்குமாடிகளில் 2011 வரை வாழ்ந்த குடும்பங்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்கள் ஜொகூர் பாருவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூரின் பிற பகுதிகளுக்கும் பிரிந்து சென்றனர். பாலத்தில் வண்ணம் பூசிய கடைசித் தலைமுறையினர் இன்று முதுமை எய்தியிருப்பர். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்று மையம் 1979 முதல் இயங்கி வருகிறது. மலேசியாவில் நம் துறை மாணவர்கள் ஒவ்வோராண்டும் களப்பணிக்குச் செல்கின்றனர். எந்த ஆணியை எத்தனை நாளுக்கு ஒருமுறை தட்டிப் பார்த்தனர், வண்டி வரும் ஓசை கேட்டதும் பாலத்தின்மேல் எங்கே ஒதுங்கி நின்றனர், கீழே சென்ற சாலையில் எதைக் கண்டனர் என்பனவற்றை அவர்களிடம் இன்னும் கேட்கலாம்.